ராட்சத மரக் காட்டுக்குத் தனியாக: கார், கூடாரம், நடை. யாராவது போயிருக்கிறீர்களா?

செங்காங் நடைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். வயது 36, சிங்கப்பூரில் கணக்காய்வு வேலை. செப்டம்பரில் 11 நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் கார் எடுத்துக்கொண்டு, கூடாரம் போட்டுத் தங்கி, அந்தப் பெரிய மரங்களுக்கு நடுவே நடக்க வேண்டும் என்பது பல வருட ஆசை. கூட வருவதாக இருந்த தோழிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அதனால் தனியாகத்தான் போகிறேன்.

இப்போதைக்குத் திட்டம் இது. சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கிய அன்றே கார். செக்கோயா தேசியப் பூங்காவில் 2 இரவு, யோசெமிட்டியில் 1 இரவு, அப்புறம் வடக்கே ரெட்வுட் காட்டில் 2 இரவு, வழியில் இரண்டு மோட்டல் இரவு.

என் அனுபவம் என்று பார்த்தால் வாரம் ஒரு முறை மெக்ரிச்சி காட்டுப்பாதை, மாதம் ஒரு முறை புக்கிட் தீமா குன்று. இங்கே ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் இரண்டு முறை கூடாரம் போட்டிருக்கிறேன். இரண்டாவது முறை ராத்திரி 1 மணிக்கு மழை கொட்டி, டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டோம். உரிமம் எடுத்து 9 வருடம். சொந்தக் கார் கிடையாது. வாடகைக் காரில் மலாக்கா வரை ஓட்டியிருக்கிறேன்.

சாலையின் வலது பக்கம் ஓட்டப் பழக எவ்வளவு நேரம் ஆகும்? கரடி பற்றி உண்மையில் எவ்வளவு பயப்பட வேண்டும்? நான் சைவம், அங்கே என்ன சமைப்பது? அம்மாவிடம் என்ன சொல்வது? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் முதலில் எழுதவும்.


மூன்றாம் பிளட்டூன்:

ராத்திரி மழைக்கு டாக்சி பிடித்த கதையைத் தயவுசெய்து அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அமெரிக்கா வரை போகவேண்டுமா என்றும் யோசியுங்கள். மலேசியாவின் சாபாவில் டானும் பள்ளத்தாக்கில் 100.8 மீட்டர் உயர மெராந்தி மரம் ஒன்றை 2018ல் கண்டுபிடித்தார்கள். அதற்கு மெனாரா என்று பெயர், கோபுரம். கோத்தா கினபாலுவுக்கு இங்கிருந்து இரண்டரை மணி நேர விமானம். கரடி அங்கேயும் உண்டு, சின்ன சைஸ். அட்டைப்பூச்சி இலவசம்.


பஸ் கேப்டன் (ஓய்வு):

தங்கச்சி, 32 வருடம் பஸ் ஓட்டியவன் நான். 57 வயதில் தனியாக செக்கோயா போனேன். மகள் சான் ஹோசேயில் வேலை பார்க்கிறாள். கூட வருகிறேன் என்றவளுக்குக் கடைசி நேரத்தில் விடுப்பு இல்லை. கூடாரத்தையும் அடுப்பையும் கையில் கொடுத்து, "அப்பா, கரடிக்கு மசாலா கொடுக்காதீங்க" என்று அனுப்பி வைத்தாள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் திட்டம். அதைப் பார்த்தால் மரம் பார்க்கப் போகிற மாதிரி தெரியவில்லை, ரூட் சர்வே பண்ணப் போகிற மாதிரி இருக்கிறது. செக்கோயாவிலிருந்து ரெட்வுட் காட்டின் வடகோடிக்கு 900 கிலோமீட்டருக்கு மேல். நம் ஊரிலிருந்து தாய்லாந்து எல்லைக்குப் போவதைவிட அதிகம். பழக்கமில்லாத பக்கத்தில், தனியாக, மாற்றி ஓட்ட ஆள் இல்லாமல். ஏதாவது ஒரு காட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரே முகாமில் நாலு இரவாவது இருங்கள். யோசெமிட்டியை அடித்துவிடுங்கள், அது தனி விடுமுறைக்கு உரியது.

ஏன் நாலு இரவு என்கிறேன் என்றால், முதல் நாள் எனக்கு அந்த மரங்கள் பெரிதாகவே தெரியவில்லை. சிரிக்காதீர்கள். ஜெனரல் ஷெர்மன் மரத்தின் முன்னால் போய் நின்றேன். உயரம் 83.8 மீட்டர், வயது 2,200 வருடத்துக்குக் குறையாது, உலகத்திலேயே பருமனில் பெரிய மரம் என்று பலகை சொல்கிறது. கல்லணைக்கே மூத்தது. சரி, பெரிய மரம்தான் என்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். சுற்றிலும் நிற்பது எல்லாமே பூதம். பக்கத்தில் சின்ன மரம் என்று நாம் நினைப்பதே நம் அடுக்குமாடி புளோக் உயரம் இருக்கும். கண்ணுக்கு அளவுகோல் கிடைப்பதில்லை.

மூன்றாம் நாள் காலைதான் அது கிடைத்தது. நேர மாற்றத்தில் மூன்றரைக்கே விழித்துவிட்டேன். ஆறரை மணிக்கு மரத்தடியில் நான் மட்டும். வேலியைச் சுற்றி மெதுவாக நடந்தேன். அடிமரம் அதன் அகலமான இடத்தில் 11 மீட்டர். நான் ஓட்டிய இரட்டை மாடி பஸ்ஸின் நீளம் 12 மீட்டர். அந்த பஸ்ஸின் நீளம் என் உடம்புக்குத் தெரியும். எந்த வளைவில் பின்பக்கம் எவ்வளவு வெளியே வீசும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மனசுக்குள் அந்த பஸ்ஸை மரத்தின் முன்னால் குறுக்கே நிறுத்திப் பார்த்தேன். மரம் அதை ஏறக்குறைய முழுசாக மறைத்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. 2006ல் இந்த மரத்திலிருந்து ஒரு கிளை மட்டும் விழுந்தது. 30 மீட்டருக்கு மேல் நீளம், 2 மீட்டர் தடிமன். தாவரவியல் தோட்டத்தில் ஐந்து வெள்ளி நோட்டுக்காரத் தெம்புசு நிற்கிறதே, அதைப் போன்ற மரத்தை இது கிளையாக உதிர்க்கும்.

ஷெர்மன் வாகன நிறுத்தத்திலிருந்து மரத்துக்கு இறக்கம், சுமார் 800 மீட்டர். போகும்போது சுகம். திரும்பும்போது படிகள், 2,000 மீட்டருக்கு மேலான உயரம், மூச்சு வாங்கும். புக்கிட் தீமா உச்சியே 163 மீட்டர்தான் என்பதை நினைவில் வையுங்கள். கூட்டம் முழுவதும் ஷெர்மனோடு திரும்பிவிடும். நீங்கள் அங்கிருந்து கிளம்பும் காங்கிரஸ் நடைபாதையில் போங்கள், சுற்றி வர மூன்று மைலுக்குள். அமெரிக்க நாடாளுமன்ற அவைகளின் பெயரில் செனட், ஹவுஸ் என்று பெயர் வைத்து மரங்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும். பெயர் என்றதும் ஒன்று. 1880களில் அந்தப் பக்கம் குடியேறிய பொதுவுடைமைக் கூட்டம் ஒன்று ஷெர்மன் மரத்தைக் கார்ல் மார்க்ஸ் மரம் என்று அழைத்ததாம். தளபதி ஷெர்மன் ஜெயித்துவிட்டார்.

இன்னொரு நாள் கிரசென்ட் புல்வெளிக்குப் போங்கள். அங்கிருந்து நடந்தால் விழுந்து கிடக்கும் மரம் ஒன்றின் பொந்துக்குள்ளேயே ஒருவர் வீடு கட்டி இருந்த இடம் வரும், தார்ப்ஸ் லாக். உள்ளே கட்டில், மேசை, ஜன்னல் எல்லாம் உண்டு. வழியில் டன்னல் லாக், 1937ல் சாலையின் குறுக்கே விழுந்த மரம். அடுத்த வருடம் அதைக் குடைந்து கார் போக வழி செய்தார்கள். உயரம் 8 அடிதான். அதைப் பார்த்ததும் என் கால் தானாக பிரேக்கைத் தேடியது. சின்னக் கார், தாராளமாகப் போகும், ஆனால் பழக்கதோஷம்.

கீழே கிடக்கும் காய்களைக் கையில் எடுத்துப் பாருங்கள், எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். கோழிமுட்டை அளவுதான். உள்ளே விதை ஓட்ஸ் துணுக்கு மாதிரி. அந்தக் காய் வருடக்கணக்கில் மூடியே மரத்தில் தொங்கும். கீழே நெருப்பு எரிந்து சூடு மேலே ஏறினால்தான் பெரும்பாலும் திறந்துகொள்ளும், விதை சாம்பலில் விழுந்து முளைக்கும். பட்டை இரண்டடி வரை தடிமன், தொட்டால் தேங்காய் நார் மாதிரி மெத்தென்று இருக்கும். அதனால் சாதாரணக் காட்டுத்தீ இந்த மரத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் இப்போது வருவது சாதாரணத் தீ இல்லை. 2020ல் வந்த ஒரே தீயில் உலகத்தில் உள்ள பெரிய செக்கோயாக்களில் பத்தில் ஒன்றாவது போயிற்று என்று கணக்கிட்டார்கள். அடுத்த வருடத் தீயில் ஷெர்மனின் அடிப்பாகத்தையே அலுமினியப் போர்வையால் சுற்றினார்கள். மலைச்சரிவில் கருகி நிற்கும் மரங்களைக் காரில் போகும்போதே பார்ப்பீர்கள். செப்டம்பர் தீக்காலம் வேறு. கிளம்பும் முன்பு பூங்காவின் அறிவிப்பைத் தினமும் பாருங்கள். வெளியே போகச் சொன்னால் கேள்வி கேட்காமல் கூடாரத்தை மடித்துவிடுங்கள்.

இனி ஓட்டுவது. இறங்கிய அன்று காரைத் தொடவே தொடாதீர்கள். 15 மணி நேர வித்தியாசம். அங்கே மதியம் 2 மணி என்றால் உங்கள் உடம்புக்கு விடியற்காலை 5. பதினைந்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் இருந்துவிட்டு அந்த நேரத்தில் அதிவேகச் சாலையில் ஏறுவது தற்கொலை. ஒரு ராத்திரி தூங்கிவிட்டு, காலையில் போய் எடுங்கள்.

வலது பக்கம் எனக்கு மற்றவர்களைவிடக் கஷ்டமாக இருந்தது. 32 வருடப் பழக்கம். கடிகாரத்தை வலது கைக்கு மாற்றிக் கட்டினேன், கை கனக்கும் பக்கம்தான் என் பக்கம். முதல் நாள் திருப்பத்துக்கெல்லாம் சிக்னலுக்குப் பதில் வைப்பர் போட்டேன். நேர்ச்சாலையில் ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். ஆபத்து எப்போது என்றால் பெட்ரோல் நிலையத்திலிருந்தோ ஆள் இல்லாத வாகன நிறுத்தத்திலிருந்தோ வெளியே வரும்போது. பின்தொடர வேறு வண்டி இருக்காது, கை தானாக இடது பக்கம் போகும். நாலு பக்கமும் நிறுத்தக் குறி உள்ள சந்திப்பு ஒன்று உண்டு அங்கே. முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். அவ்வளவுதான், யாரும் ஹார்ன் அடிப்பதில்லை.

மலைப்பாதை தெற்கு வாசலிலிருந்து ஏறுகிறது. சுமார் 500 மீட்டரில் தொடங்கி 26 கிலோமீட்டருக்குள் 2,000 மீட்டரை நெருங்குகிறது. 22 அடிக்கு மேல் நீளமான வண்டிகள் வேண்டாம் என்று பூங்காவே சொல்லும் பாதை. உங்கள் பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஒதுங்கும் இடங்களில் ஒதுங்கி வழிவிடுங்கள். ஐந்து சேர்ந்துவிட்டால் அது அங்கே சட்டமே. இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள், கியரைக் குறையுங்கள். ஒவ்வொரு வளைவிலும் யாரோ ஒருவருடைய பிரேக் தீயும் வாசனை எனக்கு வந்தது. பூங்கா எல்லைக்குள் பெட்ரோல் கிடையாது. கீழே மலையடிவார ஊரிலேயே நிரப்பிவிடுங்கள். பம்பில் நம் வங்கி அட்டையைப் போட்டால் அந்த ஊர் அஞ்சல் குறியீட்டைக் கேட்கும். உள்ளே போய்க் கல்லாவில் கொடுத்தால் வேலை முடிந்தது.

கரடி. கலிஃபோர்னியா கொடியில் இருக்கிற கிரிஸ்லி அங்கே அழிந்து நூறு வருடம் ஆயிற்று. இப்போது இருப்பது கருங்கரடி. அதற்கு உங்கள் மேல் ஆசை இல்லை, உங்கள் சாப்பாட்டின் மேல்தான். லாட்ஜ்போல் முகாமில் ஒவ்வொரு இடத்துக்கும் இரும்புப் பெட்டி உண்டு. வாசனை உள்ளது எதுவாக இருந்தாலும் அதற்குள் போக வேண்டும். பற்பசை, சோப்பு, தலைக்கு எண்ணெய் எல்லாம். காரில்கூட விடக்கூடாது, கதவையே பிய்த்துவிடும். நான் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்துவிட்டு கோடாரித் தைலத்தை மட்டும் சட்டைப்பையில் மறந்து, தலையில் வேறு தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கூடாரத்துப் பாட்டியம்மா மூக்கைச் சுளித்தபடியே வந்து, அதுவும் பெட்டிக்குள் என்று சைகை காட்டினார். அன்று முழுவதும் உயரத்தால் தலைவலி. தைலம் பத்தடி தள்ளி இரும்புப் பெட்டிக்குள், நான் கூடாரத்துக்குள்.

குளிர்தான் உண்மையான எதிரி. செப்டம்பர் ராத்திரியிலேயே நம் ஃப்ரிட்ஜுக்குள் படுத்த மாதிரி இருந்தது. தூக்கப்பையின் மேல் போட்டிருக்கும் குறைந்த வெப்பநிலை நீங்கள் சாகமாட்டீர்கள் என்பதற்கான எண், தூங்குவீர்கள் என்பதற்கு இல்லை. நான் வாங்கிய கடையில் இதைச் சொல்லவில்லை. முதல் ராத்திரி இருக்கிற உடுப்பு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு நடுங்கினேன். காற்று மெத்தைக்குள் இருக்கும் காற்றும் குளிர்ந்துவிடுகிறது. இரண்டாவது நாள் காரின் வெயில் மறைப்பை, அந்த வெள்ளித்தாள் மாதிரி இருப்பது, மெத்தைக்கு அடியில் விரித்தேன். பாதி தூக்கம் வந்தது.

சமையலுக்கு வருகிறேன். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். என் சோறு நாற்பது நிமிடம் கொதித்தும் நடுவில் அரிசியாகவே இருந்தது, கேஸ் தீர்ந்ததுதான் மிச்சம். அவல் கொண்டுபோங்கள். கொதிநீர் ஊற்றி மூடினால் ஐந்து நிமிடம். பருப்புப்பொடி, ஊறுகாய், ரெடிமேட் உப்புமா. கறிவேப்பிலை, பழம், விதை எதுவும் வேண்டாம். மற்றதையும் விமான நிலையத்தில் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற முடியாது, அங்கே வாங்கிக்கொள்ளலாம். விறகும் அப்படித்தான். வெளியிலிருந்து விறகு கொண்டுவந்தால் பூச்சியும் கூட வரும் என்று தடுக்கிறார்கள்.

அம்மாவுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. என் மனைவிக்கு நான் சொன்னது, "மகள் கூடத்தான் போறேன்." திரும்பி வந்த பிறகு நடந்ததை இங்கே எழுத முடியாது.


ஜூரோங் டீச்சர்:

அண்ணன் சொன்னதில் முக்கால்வாசிக்குக் கை தூக்குகிறேன். ஒரு காடு போதும் என்பதற்கு இரண்டு கையும். ஆனால் தங்கச்சி, அந்த ஒரு காடு ரெட்வுட்டாக இருக்கட்டும்.

காரணம் எளிது. அது கடலோரம். உயரத் தலைவலி கிடையாது, ராத்திரி அவ்வளவு குளிராது, சோறு வேகும். இன்னொன்று, செக்கோயாவுக்கு 2026 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டவரிடம் தலைக்கு 100 அமெரிக்க டாலர் கூடுதலாக வாங்குகிறார்கள். ரெட்வுட் தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை.

அங்கே மரம் பருமனில் குறைவு, உயரத்தில் அதிகம். ஹைபீரியன் 115.9 மீட்டர், உலகத்திலேயே உயரமானது. ஆனால் அதைத் தேடிப் போகாதீர்கள். ஆட்கள் மிதித்து மிதித்து அடிமண் கெட்டுப்போனதால் 2022ல் அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள். அபராதம் 5,000 டாலர் வரை, ஆறு மாதச் சிறையும் உண்டு. தேவையும் இல்லை. ஜெடடையா ஸ்மித் பூங்காவில் ஸ்டவுட் தோப்புக்கு ஒரு காலைப் பொழுது போய் நின்றால் போதும். கீழே இடுப்பளவு பெரணி, மேலே பார்த்தால் முனையே தெரியாது, பனிமூட்டத்துக்குள் போய்விடும். வெயில் காலத்தில் மழையே இல்லாமல் அந்த மரங்கள் பனிமூட்டத்திலிருந்துதான் நிறையத் தண்ணீர் எடுக்கின்றன. ஊசியிலைகளில் சேர்ந்து சொட்டுச் சொட்டாக விழும். மழை என்று நினைத்து நான் குடையை விரித்தேன். சிங்கப்பூர்க்காரி, வேறென்ன செய்வேன்.

அந்தத் தோப்புக்குப் போகும் ஹௌலண்ட் ஹில் சாலை பெரும்பாலும் மண் பாதை, பத்து கிலோமீட்டர். ஒரு இடத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே கண்ணாடியை மடக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். வாடகை ஒப்பந்தத்தில் மண் சாலைக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். நான் பார்க்கவில்லை, திரும்பும்வரை வயிற்றில் புளி கரைத்தது. தெற்கே வரும் வழியில் ராட்சதர்களின் நிழற்சாலையில், அவென்யூ ஆஃப் த ஜயண்ட்ஸ், மெதுவாக ஓட்டுங்கள், 31 மைல். அங்கே டையர்வில் ஜயண்ட் என்ற மரம் 1991ல் விழுந்து அப்படியே கிடக்கிறது. அதன் பக்கவாட்டில் நடந்து பாருங்கள், அண்ணனுடைய பஸ் கணக்கு உங்களுக்கும் வேலை செய்யும்.

தனியாகப் போகும் பெண் என்பதால் இதையும் சொல்கிறேன். முகாமில் பொறுப்பாளர் தங்கும் இடத்துக்கு அருகில் இடம் பிடியுங்கள். தினமும் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று இங்கே ஒருவருக்காவது எழுதி அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். காட்டுக்குள் கைப்பேசித் தொடர்பு பெரும்பாலும் இருக்காது, வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை வாடகைக்கே எடுக்கலாம். அதைத்தான் அம்மாவிடம் காட்டினேன். ராத்திரி எட்டு மணிக்கு "நலம்" என்று ஒரு சொல் வரும், வராவிட்டால் மட்டும் கவலைப்படுங்கள் என்றேன். ஒப்புக்கொண்டார். மூன்றாம் நாளிலிருந்து "சாப்பிட்டியா" என்று பதிலும் வந்தது. ஒவ்வொரு செய்திக்கும் காசு.


பஸ் கேப்டன் (ஓய்வு):

டீச்சர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த 100 டாலர் நான் போனபோது இல்லை. ஆனால் கடலோர 101ஆம் எண் சாலையில் வளைவுக்கும் பனிமூட்டத்துக்கும் குறைவில்லை. இருட்டிய பிறகு ஓட்ட வேண்டாம், எல்க் மான்கள் சாலையில் நிற்கும் என்று மகள் சொன்னாள். பஸ்ஸுக்கே அது ஆகாது.


செங்காங் நடைக்காரி:

அண்ணே, டீச்சர் அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. யோசெமிட்டியை அடித்துவிட்டேன். நேற்று ராத்திரி முழுக்க இரண்டு காட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் செக்கோயாவை எடுத்துவிட்டேன். நாலு இரவு, லாட்ஜ்போல். காரணம் அந்த பஸ். எனக்கும் பஸ்ஸின் நீளம் தெரியும். தினமும் அதன் கடைசிக் கதவுக்குத்தான் ஓடுகிறேன்.

இடம் பதிவு செய்யப் பார்த்தால் இரண்டு இரவு மட்டும்தான் காலி. மற்ற இரண்டுக்கும் யாராவது ரத்து செய்வார்களா என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் புலாவ் உபின் தீவில் ஜெலுத்தோங் கடற்கரையில் ஒத்திகை, தனியாக. மழை பெய்தாலும் படகு கிடையாது, டாக்சியும் கிடையாது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "மரம் பார்க்க அவ்வளவு தூரமா, கீழே புளோக்குக்கு முன்னாடி இல்லையா" என்றார். அப்புறம் அவல் எத்தனை கிலோ என்று கேட்டார்.

அண்ணே, ஒரு சந்தேகம். தைலத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் தலைவலிக்கு என்ன செய்தீர்கள்?


பஸ் கேப்டன் (ஓய்வு):

நிறையத் தண்ணீர் குடித்தேன். ராத்திரி இரண்டு முறை எழுந்து போக வேண்டியிருந்தது. தலையில் மாட்டும் விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சிவப்பு வெளிச்சமும் வருகிற மாதிரி. எழுந்து போனால் ஒரு நிமிடம் விளக்கை அணைத்துவிட்டு மேலே பாருங்கள். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போங்கள், நான் போடாமல் போனேன்.